என் மகளுக்கு நான் போட்ட டிக்

பயந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை பாதிக்கும் என்று தெருவுக்கெல்லாம் சொன்னவள் நான். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடும் தெரு ஒன்றில் இருக்கிறது என்னுடைய பால்வாடி. அரசாங்கத் தாளில் அங்கன்வாடி மையம் என்று இருக்கும். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, மத்தியானச் சோறு, எடை பார்ப்பது, உயரம் பார்ப்பது. இவை போக மாதம் ஒருமுறை மாசமாக இருக்கும் பெண்களை உட்கார வைத்துப் படம் காட்டிப் பேச வேண்டும். அதற்கென்று பக்கம் பக்கமாகப் புரட்டும் ஒரு பெரிய படப் புத்தகம் வைத்திருந்தேன். அதில் ஒரு பக்கத்தில் ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும். தாய்க்குப் பயமும் கவலையும் ஓயாமல் இருந்தால் பிறக்கும் பிள்ளையின் கவனம், பேச்சு, படிப்பு இவற்றில் குறை வரக்கூடும் என்று பின்பக்கத்தில் போட்டிருக்கும். வரக்கூடும் என்று மட்டும்தான் போட்டிருந்தது. கட்டாயம் வரும் என்று நான் அடித்துச் சொல்வேன். கொஞ்சம் மிரட்டினால்தானே கேட்பார்கள் என்று ஒரு எண்ணம்.

"சந்தோஷமா இருங்கட்டி. நீங்க அழுதா உள்ள இருக்கது மண்டூகமாப் போயிரும்" என்பேன்.

ஒருநாள் தறிக்காரர் ஒருவரின் மனைவி எழுந்து கேட்டாள். "எங்க மாமியா வீட்டுல இருக்க வரைக்கும் நான் எப்பிடி டீச்சர் சந்தோஷமா இருக்க?"

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்கு அடுத்தவள் வயிற்றைப் பற்றிப் பேச வாய் கொஞ்சம் நீளம்தான்.

பத்தாவது வருஷம் எனக்கும் தங்கியது.

என் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றி மலை தாண்டிக் கேரளாவில் இறக்கிவிட்டு வருவார். எங்கே இருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு போன் வந்துவிடும். "சாப்ட்டியா? உள்ள இருக்கது சாப்ட்டுதா?" அவ்வளவுதான் பேச்சு, வைத்துவிடுவார். ஆறாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வரவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். "மதினி, அண்ணன் போனு தண்ணிக்குள்ள விழுந்துட்டு. அங்கன லோடு இறக்க ஆளு இல்லயாம். வர நாளாகும்." இதை அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் என் மாமியார் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூ மார்க்கெட் இருக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு, விலை தரையில் கிடக்கிற நாளில் மட்டும் பூ வாங்குகிறவர். அதிலும் முக்கால்வாசி சாமி படங்களுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் நெருக்கமாகக் கட்டிய இரண்டு முழத்தைத் தன் கையாலேயே என் தலையில் வைத்தார். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அடுப்படிக்குள் போய்விட்டார். அடுத்த நாளும் பூ வந்தது. அதற்கடுத்த நாள் பூவோடு ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வந்தது.

"எதுக்கு அத்தை இவ்வளவு பூ?"

"மாசமா இருக்க பிள்ள. வச்சுக்க."

எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவளுக்குப் பதினாறாம் நாள் தலை நிறையப் பூ வைப்பார்கள். கை நிறைய வளையல் அடுக்குவார்கள். கடைசியாக ஒருமுறை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். என் அம்மாவுக்கு அப்படி வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பூ கனத்து அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இப்போது என் தலையில் அதே வாசம் அடித்தது.

ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். மாசமாக இருப்பவளிடம் சாவைச் சொல்லக்கூடாது, சாவு வீட்டுப் பக்கம் அவளை விடக்கூடாது. எங்கள் தெருவில் இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாயடிக்கு நான் போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு எனக்கு முன்னே இடம் விட்டார்கள். குழாயடியில் யாருக்காவது யாராவது இடம் விட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்களே! சொல்லிவிட்டால் நான் அழ வேண்டும். நான் அழுதால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? ஊருக்குச் சொன்னதெல்லாம் திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தது. அதனால் நான் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். மாமியார் மீன் பொரித்து வைத்தார், சாப்பிட்டேன். வயிறு அடிக்கடி கல்லாக இறுகும். இதயம் அடிப்பது காதில் கேட்கும். இந்தச் சத்தம் உள்ளே இருக்கிறதுக்கும் கேட்குமே என்று நினைத்தவுடன் இன்னும் வேகமாக அடிக்கும்.

எட்டாம் நாள் மாசமான பெண்களுக்குப் படம் காட்ட வேண்டிய நாள். அந்தப் பக்கம் வந்தது. தலையில் கைவைத்த பெண், வயிற்றில் முகம் சுளித்த பிள்ளை. எத்தனையோ தடவை அலட்சியமாகப் புரட்டிய பக்கம்தான். அன்று என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரையும் அனுப்பிவிட்டு, தூங்குகிற பால்வாடிப் பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் இடப்பக்கமாகச் சரிந்து படுத்தேன். இனிப்பு இறங்கினால் பிள்ளை அசையும் என்று சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்துத் தறியின் அதிர்வு தரை வழியாக வந்துகொண்டே இருந்ததால் எது தறி, எது பிள்ளை என்றே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு சின்ன நகர்வு. "மன்னிச்சிரு மக்கா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

பதினோராம் நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காலில் பெரிய மாவுக்கட்டோடு என் கணவரை இரண்டு பேர் இறக்கினார்கள்.

மலை இறக்கத்தில் வேன் சாய்ந்திருக்கிறது. கால் எலும்பு முறிந்திருக்கிறது, போன் நொறுங்கியிருக்கிறது. இரண்டாம் நாளே நினைவோடு பேசியிருக்கிறார். எனக்கு மட்டும் பேசவில்லை. "எங் குரலக் கேட்டா நீ கண்டுபிடிச்சிருவன்னு அம்மா பேச வேண்டாம்னுட்டா" என்றார். கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. தலையிலிருந்த பூவைப் பிய்த்து அவர் மேல் எறிந்தேன். வளையலைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். மாமியார் நடுங்கிப்போய், "பிள்ளைக்காகத்தானட்டி மறைச்சோம். நீ சந்தோஷமா இருக்கணும்னுதான் பூவும் வளையலும் வாங்குனேன்" என்றார். ஒரு கால் ஒடிந்ததை மறைக்கப் போய்ப் பதினொரு நாள் ஆளையே சாகடித்து வைத்திருந்தார்கள்.

மகள் நல்ல எடையோடு பிறந்தாள். நன்றாக அழுதாள். மாமியார் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவள் நெற்றியில் வைத்து, இனி ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு அப்படி இல்லை. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த அன்றே, அந்தப் பதினொரு நாளும் இவளுக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

தேடுவதற்கு வேண்டிய கருவியும் என் கையிலேயே இருந்தது. எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அட்டவணை. தெருவில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் பார்த்து டிக் போடுவது என் வேலை. என் மகளுக்கும் நான்தான் போட வேண்டும். கழுத்து நின்றது, உட்கார்ந்தாள், நடந்தாள், எல்லாம் நாள் தவறாமல் நடந்தது. ஒரு வயதில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கேட்டிருந்தது. நான் எதிரில் நின்றால் பார்ப்பாள். பின்னால் நின்று கூப்பிட்டால் சில நேரம் பார்ப்பாள், சில நேரம் இல்லை. தறிச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு டிக் போட்டேன். ஒன்றரை வயதில் சில சொற்கள் பேச வேண்டும். "ம்மா" மட்டும் வந்தது. டிக் போட்டேன். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் அப்போதும் "ம்மா", "ப்பா" என்ற இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தாள். அதற்கும் டிக் போட்டேன்.

போடாவிட்டால் அவள் பெயர் மேலே போகும். டாக்டர்கள் வருவார்கள். வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு ஏதாவது நடந்ததா என்று கேட்பார்கள். நடந்தது என்று என் வாயால் நான் சொல்ல வேண்டும். அதன் பிறகு யாரும் மாற்ற முடியாத ஒன்றாக அது ஆகிவிடும். டிக் இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் சோதிக்காமலும் இருக்க முடியவில்லை. தினமும் பால்வாடி முடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவளைச் சுவரோரம் உட்கார வைப்பேன். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவேன். பசு, மரம், குடை. "இது என்ன?" மாமியாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் குசுகுசுவென்றுதான் கேட்பேன். அவள் அட்டையைப் பார்க்கவே மாட்டாள். என் முகத்தைத்தான் பார்ப்பாள். "ஏ மக்கா, சொல்லு, இது என்ன?" என்று இன்னும் மெதுவாகக் கேட்பேன். எரிச்சலில் அவள் கத்தினால் உதட்டில் விரலை வைத்து, "ச்ச், ஆச்சிக்குக் கேக்கும்" என்று பாட்டியைச் சொல்லி அடக்குவேன். பதில் வராவிட்டாலும் நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது.

என் கணவரிடம் சொன்னால், "எந் தம்பி மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மூடுதானா பாரு" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்தால் பயந்தேன். சுவரைப் பார்த்துச் சிரித்தால் பயந்தேன். பால்வாடியில் அவள் வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினால், அந்தப் பிள்ளைகள் மேலேயே கோபம் வந்தது.

அவளுக்கு இரண்டரை வயது நடக்கும்போது, பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் குழு எங்கள் மையத்துக்கு வந்தது. அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டேன்.

மாமியாரோடு எப்படிச் சந்தோஷமாக இருப்பது என்று கேட்டாளே, அந்தத் தறிக்காரர் மனைவி, அவளுக்கும் ஒரு மகன். முந்தின வருஷம் அவனுக்குப் பேச்சு பிந்துகிறது என்று எழுதி அனுப்பியவள் நான். அவள் பிள்ளையை அனுப்பாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் அவள் வாசலுக்கே போய், தெருவே கேட்கும்படி, "பெத்த பிள்ளைய ஒளிச்சு வச்சா எல்லாம் சரியாப் போயிருமா? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினேன். அழுதுகொண்டே கூட்டி வந்தாள். பயிற்சிக்குப் போய் இப்போது அந்தப் பிள்ளை பேசுகிறான்.

குழு வந்த அன்று, முன்பு வாங்கிப்போன ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். என் மகள் முற்றத்தில் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராகப் பால்வாடிக்கு வந்தாள். டாக்டரம்மா உள்ளே இருந்தார். இவள் என்னை வெளியே கூப்பிட்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லயே டீச்சர்."

நான் திரும்பி உள்ளே இருந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு நீங்க என்னக் கேட்டது ஞாபகம் இருக்கா? அத நான் திருப்பிக் கேக்க மாட்டேன். போய்த் தூக்கிட்டு வாங்க."

வீட்டுக்கும் பால்வாடிக்கும் நாலு வீடுதான் இடைவெளி. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த நாலு வீட்டைக் கடப்பதற்குள் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். மகளை என் மடியில் உட்கார வைத்து ஒரு பந்தைக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார். பிறகு சோற்றுத் தட்டு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டார். அப்போதுதான் திரும்பினாள்.

"காதைப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

இல்லை. இரண்டரை வருஷம் அவள் மூளைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவளுக்குக் காது என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை. குசுகுசுவென்று கேட்டுக் கேட்டு, பதில் வரவில்லையே என்று பயந்திருக்கிறேன். அவள் என் உதட்டைப் படிக்கப் பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மா அட்டவணையைப் புரட்டினார். "கூப்பிட்டா திரும்புறாள்னு டிக் இருக்கே. யார் போட்டது?"

"நாந்தான் டாக்டர்."

"இது?"

"அதுவும் நாந்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கேயே அந்தப் பதினொரு நாளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பூவைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன், பிள்ளை அசையாமல் இருந்ததைச் சொன்னேன். பிறக்கும் முன்பே நான் கெடுத்துவிட்டேனா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "தாயோட மன அழுத்தம் பிள்ளையைப் பாதிக்க வாய்ப்பு உண்டு. ஆனா ஒரு பிள்ளையப் பாத்து, இது அந்தப் பதினொரு நாளால வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அது எனக்குத் தெரியாது. இவளுக்குச் சத்தம் சரியா எட்டலைங்கறது மட்டும் தெரியும். அதை முன்னாடியே பாத்திருக்கலாம்."

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. சின்ன ஆபரேஷன் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கத் தூக்கிப் போனபோது அவள் என் முகத்தைத் தேடினாள். வெளியே உட்கார்ந்திருந்த அந்த நேரத்துப் பயத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்த அன்று தெருவில் தறி ஓடத் தொடங்கியதும் அவள் அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருப்பவள், அன்றுதான் அதை முழுசாகக் கேட்டாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் வந்தன. காக்கா, பஸ்ஸு, தோசை. ஒவ்வொன்றாக, தனித்தனியாக வந்தன. மேலதிகாரியிடம் போய் டிக்குகளைப் பற்றிச் சொன்னேன். கிடைத்த திட்டு எனக்குத் தகும். மாசமான பெண்களிடம் இப்போது அந்தப் பக்கத்தில் போட்டிருப்பதை மட்டும் வாசிக்கிறேன். எதையும் உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள் என்பதை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன்.

திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சொற்கள் சேரவே இல்லை. காது சரியான பிறகும் சேரவில்லையென்றால், அந்தப் பதினொரு நாள்தானே மிச்சம்? கதவைச் சாத்துவதும் அட்டை காட்டுவதும் குசுகுசுவென்று கேட்பதும் நிற்கவில்லை. அவள் இப்போது சத்தம் போட்டால், "ச்ச், ஆச்சிக்குக் கேக்கும்" என்கிற பழைய அதட்டலும் நிற்கவில்லை.

போன வாரம் மத்தியானம் துணி மடித்துவிட்டு அறைப்பக்கம் வந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. மகள் தன் துணிப் பொம்மையைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தாள். கையில் குடை படம் போட்ட அட்டை. முழு வாக்கியம் இல்லை, "ன்ன?" என்று பொம்மையிடம் மெதுவாகக் கேட்டாள். காத்திருந்தாள். பொம்மையின் முகத்துக்கு அருகே குனிந்து, புருவத்தைச் சுருக்கி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அட்டையை மாற்றினாள். மறுபடி கேட்டாள். பார்த்ததைப் பிசகாமல் திருப்பிச் செய்கிற பிள்ளையின் மூளைக்கு என்ன குறை என்று எனக்குச் சந்தோஷம் பொங்கத்தான் செய்தது. அந்தச் சந்தோஷம் முடிவதற்குள் அவள் என் நோட்டை எடுத்தாள். பொம்மை பதில் சொல்லவில்லை. அவள் பேனாவைத் திறந்து டிக் போட்டாள்.

உள்ளே போய் அவள் முன்னால் உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்றே நன்றாகச் சத்தமாகச் சொன்னேன்.

"பொம்மை ஒண்ணுமே சொல்லலியே மக்கா. அப்புறம் ஏன் டிக் போட்ட?"

அவள் பதறிப்போய் நோட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். என் உதட்டில் தன் விரலை வைத்து அழுத்தி, "ச்ச்... ஆச்சி கேக்கும்" என்றாள்.

இரண்டு சொற்களைச் சேர்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.